ஏறிச் செல்லவா, எடுத்துக் காட்டவா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவளத்தில் நடந்த திருமணம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். மண்டபத்தின் வாயிலை அடைத்துக்கொண்டு புத்தம் புதிய கார் ஒன்று நின்றது. நெற்றியில் சிவப்பு நாடா, பக்கங்களில் பூச்சரம், ஓராள் மார்பளவு உயர்ந்த முகப்பு. மணமகனுக்குப் பெண் வீட்டார் அளித்த அன்பளிப்பு என்றார்கள். நிக்காஹ் முடிந்ததும் அதன் சாவி வெள்ளித் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவரப்பட்டது. சபையோர் மகிழ்ந்தனர். அருகில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் என் முகக்குறிப்பைக் கண்டுகொண்டார் போலும். "காலத்துக்கேற்ற கௌரவம், ஹஜரத்!" என்றார். அப்போது வாயில் சோறு இருந்தது. மறுமொழி சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட அந்த மறுமொழியே இக்கட்டுரை.

விருந்து முடிந்து திரும்பும் வழியில், உடன் வந்த பிள்ளைகள் படகு பார்க்க வேண்டுமென்று பிடிவாதம் பிடித்ததால் முட்டுக்காட்டில் இறங்கினோம். அஸர் தொழுகைக்குப் பிந்திய நேரம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்திலிருந்து சென்னைக்குத் திரும்பும் வண்டிகள் கழிமுகத்துப் பாலத்தின் மீது ஊர்ந்துகொண்டிருந்தன. பிள்ளைகள் படகை நோக்கினார்கள். நான் சாலையை நோக்கினேன். எழுவர் அமரத்தக்க வண்டிகளில் ஒருவரும் இருவருமாக அமர்ந்திருந்தனர். அவற்றின் ஓரமாக, ஒரு மொபெட்டில் தந்தை, தாய், குழந்தைகள் இருவர் என நால்வர் ஒடுங்கிக்கொண்டு சென்றனர். இடம் வேண்டியவனிடம் இடமில்லை, இடமுள்ளவனிடம் ஆளில்லை. இஃது ஏன் என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா?

அரபு மொழியில் வாகனத்துக்கு 'மர்கப்' என்றொரு பெயர் உண்டு. 'ரகிப', அதாவது 'ஏறினான்' என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. கப்பலுக்கும் அதே பெயர் வழங்கும். ஏறப்படுவது எதுவோ அது மர்கப். சொல்லின் கருவிலேயே ஏறுகின்றவன் இருக்கிறான். நின்று பார்க்கின்றவன் அதில் இல்லை. ஆனால் இன்று நம்மவர் வாகனம் தேர்ந்தெடுக்கும்போது ஏறுகின்றவனை மறந்துவிட்டுப் பார்க்கின்றவனைக் கேட்டே முடிவு செய்கிறார்கள். என் வழக்கு இதுதான், வேறொன்றுமில்லை.

தேவையைக் கேட்டு வாகனம் தேர்ந்தவர்கள் நம்மிடையே இல்லாமலில்லை. அதே முட்டுக்காட்டுக் கழியை ஒட்டிப் பக்கிங்காம் கால்வாய் செல்கிறது. உப்பும் விறகும் ஏற்றிய தோணிகள் ஒரு காலத்தில் அதன் வழியே சென்னைக்குப் போயின. ஆழமற்ற நீருக்கும் ஏற்றுகின்ற சுமைக்கும் ஏற்பவே அத்தோணிகளைக் கட்டினார்கள். இன்றும் கோவளத்து மீன் வியாபாரி, பின்புறம் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு டி.வி.எஸ். எக்ஸ்.எல். மொபெட்டில் விடியற்காலையில் புறப்படுகிறார். 1980 இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்ற பெயரில் இருவர் ஏறத்தக்க மொபெட்டாக வெளிவந்த வண்டியின் வழித்தோன்றல் அது. கியர் மாற்றும் தொல்லை இல்லை. காலை வைக்கும் இடத்திலேயே ஒரு மூட்டையை வைக்கலாம். பழுதானால் எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்து மாட்டிவிடுவார். 2005 இல் வெளிவந்த டாடா ஏஸ் என்னும் சிறு சரக்கு வண்டிக்கு நம் மக்கள் 'குட்டி யானை' என்று பெயர் சூட்டினார்களே, அந்தப் பெயரில் எத்தனை அன்பு! உருவம் சிறிது, உழைப்புப் பெரிது என்பதைக் கண்டுகொண்டு இட்ட பெயர் அது. இவர்கள் எவரும் ஊராரைக் கேட்டு வண்டி வாங்கவில்லை. தம் சுமையைக் கேட்டு வாங்கினார்கள்.

இனி, கார் வாங்குவோர் கதைக்கு வருவோம்.

1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தபோது அதன் விலை 50 ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு. நடுத்தரக் குடும்பத்தார் நால்வர் நனையாமல் போகலாம் என்பதே அதன் சிறப்பு. கால் நூற்றாண்டுக்குப் பின், 2008 ஜனவரியில், டாடா நிறுவனத்தார் ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று நானோவை அறிமுகப்படுத்தினர். ஸ்கூட்டரில் குழந்தைகளோடு நெருக்கியடித்துச் செல்லும் குடும்பங்களைக் கண்டே அந்த எண்ணம் பிறந்ததாக ரத்தன் டாடா கூறியிருந்தார். முட்டுக்காட்டுப் பாலத்தில் நான் கண்ட அந்த நால்வருக்காகவே செய்யப்பட்ட கார் என்று சொல்லலாம். நடந்தது என்ன? பத்தாண்டு முடிவதற்குள் அதன் உற்பத்தி ஏறக்குறைய நின்றே போயிற்று. தொடக்கத்தில் சில வண்டிகள் தீப்பற்றியதும், ஆலை வங்காளத்திலிருந்து குஜராத்துக்கு மாற்றப்பட்டதும் காரணங்களே. ஆயினும், 'மிக மலிவான கார்' என்று அதற்கு விழுந்த பெயரே பெருங்கேடாயிற்று என்று ரத்தன் டாடாவே பின்னாளில் வருந்தினார். மழையில் நனைய ஆயத்தமாயிருந்த மக்கள், மலிவான காரில் ஏறுவதை ஊரார் பார்த்துவிடுவதற்கு ஆயத்தமாயில்லை!

நம் நாட்டில் 2023-24 ஆம் ஆண்டில் விற்பனையான பயணிகள் வாகனங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 'பயன்பாட்டு வாகனம்' எனப்படும் எஸ்.யு.வி. முதலிய உயர்ந்த வண்டிகள். 2024-25 இல் அது ஏறத்தாழ 65 ஆயிற்று. பெயரைக் கவனியுங்கள்: பயன்பாட்டு வாகனம்! அதன் பயன்பாடு என்னவென்று கேட்டால் விடை சொல்வோர் சிலரே. நான்கு மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட, சிறிய எஞ்சின் கொண்ட கார்களுக்கு வரியைக் குறைத்து 2006 இல் மத்திய அரசு ஆணையிட்டது. அந்த நான்கு மீட்டருக்குள்ளேயே உயரத்தைக் கூட்டி, சக்கரங்களைச் சுற்றிக் கறுப்பு வார்ப்பைப் பதித்து, காட்டுக்கும் மலைக்கும் போவது போன்ற தோற்றத்தைத் தந்துவிட்டால் அதுவே 'சிறிய எஸ்.யு.வி.' ஆகிவிடுகிறது. நம் செங்கற்பட்டு மாவட்டத்து மறைமலை நகரில் ஃபோர்டு ஆலையார் 2013 முதல் செய்த எக்கோஸ்போர்ட் இவ்வகையில் பெயர் பெற்றது. 2022 இல் அந்த ஆலையில் கார் உற்பத்தி நின்றது. அந்த உருவத்தின் மீது கொண்ட மோகம் மட்டும் நிற்கவில்லை. இவ்வண்டிகளில் மிகப் பலவற்றில் எஞ்சினின் விசை முன்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே செல்கிறது. காட்டுக்குப் போவதற்கான முகம். கடைவீதிக்குப் போவதற்கான கால்!

"அப்படிச் சொல்லாதீர்கள். எங்கள் தெருவில் மழைநீர் தேங்குகிறது. உயரமான வண்டி வேண்டாமா?" என்பார் சிலர். நியாயமான கேள்வி. 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர் எவரும் இதை எள்ளி நகையாடமாட்டார். குண்டும் குழியுமான பாதையில் நாள்தோறும் போய்வருபவருக்கும், முதுமையால் குனிந்து ஏற இயலாதவருக்கும், பெரிய கூட்டுக் குடும்பத்துக்கும் உயர்ந்த வண்டி தேவையே. அவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் 2024 அக்டோபரில் பெருமழை வரப்போகிறது என்ற அறிவிப்புக் கேட்டதும், வேளச்சேரி மக்கள் தம் கார்களை மேம்பாலத்தின் மீது வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்ததை நாடே கண்டது. வெள்ளத்தில் வாகனம் நம்மைக் காக்கும் என்று வாங்கினோம். வெள்ளம் வந்தபோது வாகனத்தை நாம் காத்தோம்!

"பெரிய வண்டி பாதுகாப்பானது" என்பார் வேறு சிலர். யாருக்குப் பாதுகாப்பு? 2022 ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். அவர்களில் தமிழகத்தார் மட்டும் 17,884 பேர். நாடு முழுவதும் இறந்தோரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். ஏறத்தாழ 20 பேர் நடந்து சென்றவர்கள். காருக்குள் இருந்தவரினும் காருக்கு வெளியே இருந்தவரே பெருந்தொகையினர். முகப்பு ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால், தாழ்ந்து சரிந்த முகப்புடைய வண்டி மோதுவதைவிடப் பாதசாரி இறக்கும் வாய்ப்பு 45 விழுக்காடு மிகுதி என்று அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு ஆய்வகம் 2023 இல் கண்டறிந்தது. நம் ஊர் வண்டிகள் யாவும் அத்துணை உயரமல்ல என்பது உண்மை. ஆனால் அவை போகும் திசை அதுவே. என் பிள்ளையின் பாதுகாப்பை அடுத்தவன் பிள்ளையின் உயிரில் கடன் வாங்குவது எப்படி நியாயமாகும்?

இனி, மார்க்கத்தைத் துணைக்கு அழைப்போருக்கு வருகிறேன். குதிரையையும் கோவேறு கழுதையையும் கழுதையையும் ஏறிச் செல்வதற்கும் அலங்காரமாகவும் இறைவன் படைத்திருப்பதாக அந்நஹ்ல் அத்தியாயம் கூறவில்லையா, ஆகவே வாகனத்தில் அழகு தேடுவது குற்றமா, என்று என்னிடமே வினவியவர்கள் உண்டு. குற்றமில்லை. அழகை மார்க்கம் வெறுக்கவில்லை. ஆனால் அவ்வசனத்தின் அமைப்பை நோக்குங்கள். ஏறுதல் முதலில் வருகிறது; நோக்கத்தைக் குறிக்கும் 'லாம்' என்னும் எழுத்தைத் தாங்கிய வினையாக வருகிறது. அலங்காரம் அதன் பின்னே, 'ஸீனத்' என்னும் பெயர்ச்சொல்லாகத் தொடர்கிறது. முன்னது பயன், பின்னது உடன் கிடைக்கும் உவகை. நாமோ அலங்காரத்தை முன்னே நிறுத்தி, ஏறுதலைப் பின்னே தள்ளிவிட்டோம். 

இனிய வாகனம் மனிதனின் நற்பேறுகளில் ஒன்று என்ற நபிமொழியையும் எடுத்துக்காட்டுவர். மெய்தான். 'ஹனீ' என்பது அங்கே வரும் சொல். தொல்லை தராதது, இன்பமாக உடன்படுவது என்பது அதன் பொருள். அதே கருத்தில் வந்துள்ள மற்றோர் அறிவிப்பில், ஏறியவனையே களைப்படையச் செய்து, கூட்டாளிகளை எட்டவிடாமல் பின்தங்க வைக்கும் வாகனம் துர்ப்பேறு என்று சொல்லப்பட்டுள்ளது. பத்து லட்ச ரூபாயை 9.5 விழுக்காட்டு வட்டியில் ஏழாண்டுக் கடனாகப் பெற்றுக் கார் வாங்கியவரின் நிலையை எண்ணுங்கள். மாதந்தோறும் ஏறத்தாழ 16,300 ரூபாய். ஏழாண்டு முடிவில் அவர் கட்டியது 13 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல். அதில் வட்டி மட்டும் 3 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல். இதற்குள் காரின் விலையோ பாதிக்கும் கீழே போயிருக்கும். ஏறியவனைக் களைப்படையச் செய்யும் வாகனம் இதுவன்றி வேறெது?

மதரஸாவில் எழுத்துக் கற்பிக்கும்போது மாணவரிடம் நான் ஒன்று சொல்வதுண்டு. வட்டிக்கு 'ரிபா' என்று பெயர். பிறர் பார்க்கச் செய்யும் பகட்டுக்கு 'ரியா' என்று பெயர். இறுதியில் வரும் ஹம்ஸாவை ஒதுக்கிவிட்டால், இரண்டுக்கும் எழுத்தில் உள்ள வேற்றுமை ஒரு புள்ளிதான். நடு எழுத்தின் கீழே ஒரு புள்ளி இட்டால் வட்டி. இரு புள்ளி இட்டால் பகட்டு. ஏட்டில் அடுத்தடுத்து நிற்கும் இவ்விரண்டும் நம் வீட்டு முற்றத்தில் ஒன்றாய் வந்து நிற்கின்றன.

இத்தனையும் ஒருவன் தன் பணத்தில் தனக்குச் செய்துகொள்ளும் தீங்கு. பிறன் பணத்தில் செய்வது இதனினும் கொடிது. பெண்ணுக்கு மணமகன் மஹர் கொடுக்க வேண்டும் என்பது மார்க்கம். மணமகனுக்குப் பெண்ணின் தந்தை கார் கொடுக்க வேண்டும் என்பது நம் வழக்கம். "நாங்கள் எதுவும் கேட்கவில்லை. உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதை நாங்கள் தடுக்க முடியுமா?" என்று மாப்பிள்ளை வீட்டார் புன்னகையோடு சொல்லும் சொல்லைக் கேட்டிருக்கிறீர்கள். கேட்காமல் கேட்பதற்கு நம்மவர் கண்டுபிடித்த இலக்கணம் அது! 1961 ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் ஒருபுறம் கிடக்க, கைக்கூலி 'அன்பளிப்பு' என்று வேடம் மாற்றிக்கொண்டு சபைக்குள் நுழைகிறது.

எனக்கு நன்கு அறிமுகமான ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். தந்தை சிறு கடை வைத்திருப்பவர். மூத்த மகளின் திருமணத்துக்கு, இருந்த அரை மனையை விற்றும் போதாமல் கடன் பட்டும் ஒரு கார் கொடுத்தார். மணமகனுக்கு வளைகுடாவில் வேலை. நாற்பது நாள் விடுமுறை முடிந்து அவர் விமானமேறினார். கார் முற்றத்தில் துணி போர்த்தி நின்றது. ஓட்டிப் பழக வேண்டுமென்று அந்தப் பெண் கேட்டாள். "நம் வீட்டுப் பெண்கள் கார் ஓட்டுவதில்லை" என்று மறுமொழி வந்தது. ஸ்கூட்டராவது கற்றுக்கொள்கிறேன் என்றாள். "ஊர் என்ன சொல்லும்?" என்றார்கள். 

அடுத்த ஆண்டு ஒரு மழை இரவில் அவள் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு வலிப்பு வந்தது. வீட்டிலிருந்த மாமனாருக்குப் பார்வை மங்கல். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, துணி போர்த்திய அந்தக் காரைக் கடந்து, தெருமுனைக்கு ஓடி ஆட்டோவுக்காக நின்றாள் அந்தத் தாய். முக்கால் மணி நேரம் நின்றாள். இறையருளால் குழந்தை பிழைத்தது. ஆனால் அந்த முக்கால் மணி நேரத்துக்கு யார் பொறுப்பு? அவள் தந்தையின் மனையை விழுங்கிய வாகனம் பத்தடி தொலைவில் நின்றதே! அது யாருக்காக நின்றது? தெருவின் கண்களுக்காக நின்றது. அவளை ஓட்டவிடாமல் தடுத்தவை எவை? அதே தெருவின் கண்கள். தேவையில்லாத காரை வாங்க வைப்பதும், தேவையான ஸ்கூட்டரைத் தடுப்பதும் ஒரே நோய்தான். அந்நோயின் பெயர் 'ஊர் என்ன சொல்லும்?'

பெண்கள் வாகனம் ஓட்டுவதா என்று முகம் சுளிப்போர் சற்றே பொறுமையாகக் கேட்க வேண்டுகிறேன். ஒட்டகம் ஏறிய பெண்களுள் சிறந்தவர்கள் என்று குறைஷிப் பெண்களை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்துரைத்தது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. குழந்தைகளிடம் அவர்கள் காட்டும் பரிவு அந்தப் புகழுரைக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. வாகனம் ஏறுதலும் தாய்மையும் அங்கே ஒரே மூச்சில் வருகின்றன. ஒன்றுக்கொன்று பகையாக அல்ல. "மஹ்ரம் துணையின்றிப் பயணம் கூடாதே" என்பார்கள். அது 'ஸஃபர்' எனப்படும் நெடும்பயணம் பற்றிய சட்டம். கேளம்பாக்கத்துக்கு மருந்து வாங்கப் போவதும், பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டு வருவதும் ஸஃபர் ஆகா. அயலான் ஒருவன் ஓட்டும் ஆட்டோவில் தம் பெண்ணைத் தனியே ஏற்றி அனுப்பச் சம்மதிக்கும் நாம், அவளே ஓட்டிச் செல்வதைக் கண்ணியக் குறைவு என்கிறோம். இது எந்த மத்ஹபின் தீர்ப்பு? பெண்களுக்கு ஓட்டுநர் உரிமம் மறுத்துவந்த சவூதி அரேபியாவே 2018 ஜூன் 24 முதல் அவர்களை வாகனம் ஓட்ட அனுமதித்துவருகிறது. மக்காவும் மதீனாவும் அமைந்த நாட்டில் ஒரு பெண் செய்யக்கூடியதை முட்டுக்காட்டில் ஒரு பெண் செய்யக்கூடாதாம்!

அரசும் வழி திறந்தே வைத்துள்ளது. வேலைக்குச் செல்லும் பெண்கள் இருசக்கர வண்டி வாங்க 25 ஆயிரம் ரூபாய் வரை மானியம் தரும் திட்டம் தமிழகத்தில் 2018 இல் தொடங்கப்பட்டு, முன்பு நடைமுறையில் இருந்தது. 2021 முதல் அரசின் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கிறார்கள். அந்தப் பேருந்தில் ஏறிப் பாருங்கள். கல்லூரிப் பையோடு நம் பெண்மக்கள் எத்தனை பேர் செல்கிறார்கள் என்பது தெரியும். கூலிவேலைக்குச் செல்லும் தாய்மாரும் அவர்களோடு இருக்கிறார்கள். மதிப்பு என்பது வண்டியின் உயரத்தில் இருக்குமானால், அந்தப் பேருந்தைவிட உயரமான வண்டி நம் எவரிடமும் இல்லை!

சொல்வதோடு நிற்கலாகாது. ஓட்டக் கற்கும் வயதை அடைந்த மகளுக்கு முறையாகக் கற்பித்து, உரிமம் பெற்றுத்தந்து, முக்காட்டின் மேல் தலைக்கவசம் அணியச் செய்து அனுப்புவது தந்தையரின் கடமை. கைக்கூலிக் காரின் சாவியை வாங்க நீளும் தம் கையை மடக்கிக்கொள்வது இளைஞரின் கடமை. சாவி வைத்த தாம்பாளம் சபைக்கு வருமானால் நிக்காஹ் ஓதுவதில்லை என்று தீர்மானிப்பது ஜமாஅத்துகளின் கடமை. ஆலிம்களாகிய எங்களுக்கும் கடமை உண்டு. அன்று அந்தத் தாம்பாளத்தைக் கண்டும் எழுந்து செல்லாமல் விருந்துண்டு வந்தேனே, அது என் குற்றம். வாயில் சோறு இருந்தது என்பது உண்மைக் காரணமன்று. எழுந்து போனால் சபையோர் என்ன நினைப்பார்கள் என்ற அச்சமே காரணம். நான் கண்டிக்கும் நோய் எனக்கும் இருந்தது.

இனியொரு வாகனம் வாங்கப் புகும்போது, இதில் நாள்தோறும் ஏறப்போவது யார், இதற்காக எவரேனும் கண்ணீர் விட்டார்களா, வீட்டில் அவசரம் நேர்ந்தால் இதை ஓட்டத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மொபெட்டானாலும் காரானாலும், இவற்றுக்கு நேர்மையாக விடை சொல்லிவிட்டு வாங்கும் வண்டி இனிய வாகனமே. நம் முற்றங்களில் துணி போர்த்தி நிற்கும் வண்டிகளின் துணியை விலக்கி, அவற்றின் சாவியை நம் பெண்மக்களின் கையில் கொடுக்கும் துணிவை வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக!